அனந்தகிரியில் ஒரு வட்ட நடை

வட்ட நடையில் போன வழியே திரும்பும் அலுப்பில்லை. கடைசி வளைவுவரை காட்சி புதிது. செகந்திராபாத்தின் லோத்குண்டாவாசிகளுக்கு இதற்கு வாகான இடம், மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரி மலை. செகந்திராபாத்தில் ரயிலேறி விகாராபாத்தில் இறங்கினால் மலை சில கிலோமீட்டர்தான். அனந்தபத்மநாப சுவாமி கோயிலில் தொடங்கி அங்கேயே முடிப்பது வசதி.

திட்டத்தின் உயிர்நாடி நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி. அதன்படி 12 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் கொண்ட சுற்றுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். விதி ஓய்வைக் கணக்கில் கொள்வதில்லை. நின்று ரசிக்க 2 மணி நேரம் சேர்ப்பதே விவேகம். ஏற்றத்தை வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

அக்டோபர் முதல் பிப்ரவரிவரை நல்ல பருவம். அக்டோபர் என்றால் சீத்தாப்பழக் காலம். முற்றிய காயின் கண்களுக்கிடையே வெளிர்மஞ்சள் கோடுகள் விரிவதைக் கிட்டே நின்று பார்ப்பதே ஓர் இன்பம்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் அவசியம். எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டே காட்டுக்குள் நுழைய வேண்டும்.