முப்பத்துமூணு என்பது எத்தனை?

போன மே மாதம் குடும்பத்தோடு விழுப்புரம் போகும்போது, திண்டிவனம் தாண்டியதும் பின்பக்கத்து இடது டயர் 'டமால்' என்றது. கார் ஒருதரம் அலைந்து, எப்படியோ ஓரம் கட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர் சுதாரித்ததால்தான் இன்று இந்தக் கட்டுரை.

"காலைலதானே காத்து செக் பண்ணீங்க?" என்றாள் மனைவி.

பண்ணினேன். பங்க்கில் பையன் "எவ்ளோ சார்?" என்றான். "முப்பத்துமூணு" என்றேன். ட்யூபோடு இருந்த மானியில் முள் சமர்த்தாக 33ல் நின்றது. ஐந்து பேர், சாமான், மே மாத வெயில். மற்றதை அந்த முள்ளை நம்பி விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் துப்பறியும் ஆசை வந்துவிட்டது. மூன்று விதமான மானி வாங்கிக்கொண்டு அதே பங்க்குக்குப் போய், ஒரே டயரை நாலு தடவை அளந்தேன். பேனா மாதிரி இருப்பது 31 என்றது. டயல் 34. டிஜிட்டல் 32.5. பங்க் மானி 38! தினம் பத்து தடவை சிமென்ட் தரையில் வீசப்படும் ஜீவன் அது, பாவம். அது 33 என்று சொன்ன அன்று உள்ளே 28தான் இருந்திருக்கும். டயர் வெடித்ததற்கு அதுதான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கும், மடங்கினால் சூடாகும், சூடு ஏற ஏற உள்ளே ரப்பரும் எஃகுப் பட்டையும் பிரியும்.

நாலைந்து எண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்பவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை. 2000ல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் மேல்பட்டை பிய்ந்துபோய், வண்டி உருண்டு, 250க்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அப்போது எழுந்த சண்டைகளில் ஒன்று காற்றைப் பற்றியது. ஃபோர்டு சிபாரிசு செய்தது 26, ஃபயர்ஸ்டோன் வேண்டும் என்றது 30. தயாரிப்புக் குறைகள் தனி விவகாரம். ஆனால் இரண்டு பெரிய கம்பெனிகள் 4 பிஎஸ்ஐக்காகப் பகிரங்கமாக மோதிக்கொண்டன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2000ல் வந்த சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புது கார்களில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று.

"என் கார்லயும் அந்த விளக்கு இருக்கே, மானி எதுக்கு?" என்று கேட்பீர்கள். அந்த அமெரிக்க விதிப்படி, நிர்ணயித்த அளவில் கால்வாசி குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். அதாவது 33 என்பது 25 ஆகும்வரை அது சும்மா இருக்கலாம். விளக்கு ஆபத்துக்கு. மானி அதற்கு முன்னால்.

சரி, எதை வாங்குவது?

பேனா மானிக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். பேட்டரி வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும். ஆனால் தூசி புகுந்தால் சிக்கிக்கொள்ளும். வெள்ளெழுத்துக்காரர்களுக்கு அந்தப் பொடிக் கோடுகள் 30ஆ 32ஆ என்பது கண்ணாடி போட்டாலும் சந்தேகம்தான்.

டயல் மானி பாரீஸ்காரர் யூஜின் பூர்டோனின் மூளை. 1849ல் பேடன்ட் வாங்கினார். வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். அழகான ஐடியா. கீழே போட்டால் போச்சு. இதில் கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. துல்லியத்தைப் பெரும்பாலும் முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் சொல்வார்கள். 150 வரை போகும் டயலில் 2 சதவீதம் என்றால் 3 பிஎஸ்ஐ பிழை. 60 வரை போவதில் 1.2தான். காருக்கு 60 போதும். பெரிய நம்பர் போட்டது பெரிய மானி என்று ஏமாறாதீர்கள். டயலில் முள் நடுவாக்கில் நிற்கும்போதுதான் நம்பிக்கையும் அதிகம்.

டிஜிட்டலில் சின்னத் தகடு அழுத்தத்தில் வளைய, அதன் மின்தடை மாறுகிறது. இருட்டிலும் படிக்கலாம். ஆனால் 32.5 என்று புள்ளி வைத்துச் சொல்வதால் அது சத்தியவாக்கு ஆகிவிடாது. புள்ளிக்குப் பின்னால் எண் போடுவது சுலபம், முன்னால் இருப்பது சரியாக இருக்க வேண்டுமே.

என் தீர்ப்பு: எந்த வகை என்பதைவிட, திரும்பத் திரும்ப ஒரே பதில் சொல்கிறதா என்பதுதான் முக்கியம். எப்போதும் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தலாம். மூடுக்குத் தகுந்தாற்போல் ஓடுவதோடு முடியாது. வாங்கியதும் ஒரே டயரை ஐந்து தடவை அளந்து பாருங்கள். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். தேறினால், நல்ல டயர் கடையின் மானியோடு ஒருமுறை ஒப்பிட்டு, எத்தனை கூட, எத்தனை குறைய என்று அதன் முதுகிலேயே எழுதி வையுங்கள். அப்படிப் பார்த்ததில் என் டிஜிட்டல் தேறிற்று. டயல் ஒரு எண் அதிகம் சொல்கிறது. பேனா நாளுக்கொன்று சொல்கிறது.

அளப்பது காலையில், வண்டியை எடுக்குமுன். பத்து டிகிரி சூடு கூடினால் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறிவிடும். வைக்க வேண்டிய அளவு டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் விலாவில் பொறித்திருப்பது உச்சவரம்பு, சிபாரிசு அல்ல.

போன வாரம் அதே பங்க்கில் பையன் "முப்பத்துமூணு வெச்சாச்சு சார்" என்றான். இறங்கி என் மானியை எடுத்தேன். "நம்ம மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"உன் மேல இருக்குப்பா. முள்ளு மேலதான் இல்ல" என்றேன்.