‘தொடாதே’ என்கிறது கண்ணாடிப் பேழை!

காஞ்சிபுரத்திலே, தறியோசை கேட்கும் தெருவொன்றிலே, நெசவாளத் தோழர் ஒருவரின் வீடு. கூடத்திலே கண்ணாடிப் பேழை. பேழைக்குள்ளே பட்டுத் துண்டு விரித்து, அதன்மீது ஒரு நூல்: அறிஞர் அண்ணாவின் ‘ரங்கோன் ராதா’. முதற்பக்கத்திலே அண்ணாவின் கையொப்பம்! தோழரின் தந்தை நேரிலே பெற்றதாம்.

பத்து வயதுப் பேரன் பேழையின் கதவிலே கை வைத்தான். “தொடாதே!” என்று அதட்டினார் பெரியவர். கையை இழுத்துக்கொண்ட சிறுவன், “அதிலே என்ன கதை, தாத்தா?” என்று கேட்டான். தாத்தா கையொப்பம் கிடைத்த கதையைச் சொன்னார். நூலின் கதையைச் சொல்லவில்லை.

தொடாதே! எத்தனை தலைமுறையாக நம் காதிலே விழுந்த சொல்! கோயிற்படியிலே நின்று கேட்டோம். குளக்கரையிலே நின்று கேட்டோம். ஏட்டருகே போனபோதும் கேட்டோம். அந்தச் சொல்லை ஒழிக்க எழுதியவரின் நூலுக்கே அந்தச் சொல் காவல் நிற்பதா?

பெரியவரை நான் பழிக்கவில்லை. அவருடைய அன்பு பொய்யன்று. நெசவாளர் குடும்பத்திலே 1909இல் பிறந்து, இவ்வூரிலேயே பள்ளியிற் பயின்று, 1942இல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியவர் அண்ணா. கைத்தறியாளர் வாடியபோது, 1953இல், துணியைத் தோளிலே சுமந்து தெருவிலே விற்றவர். அப்படிப்பட்டவரின் கை பட்ட பொருளைக் காக்கத் துடிப்பது மனித இயல்பு. ஆனால், அன்பு எப்போது அறிவின் கையைவிட்டு நழுவுகிறது என்பதைப் பார்க்க வேண்டாமா?

தமிழகம் இந்தத் தவற்றை முன்பே செய்திருக்கிறது. சங்க நூல்களின் ஓலைச் சுவடிகளை நம் முன்னோர் வெறுத்தா அழித்தார்கள்? இல்லை. சரசுவதி பூசையன்று சந்தனம் பூசினார்கள்; மலர் தூவினார்கள்; மறுபடியும் பரணிலே வைத்தார்கள். ஆடிப்பெருக்கிலே ஆற்றிலே விட்டவர்களும் உண்டு. ஏட்டுக்குப் பூசை, எழுத்துக்குப் புறக்கணிப்பு! மிஞ்சியதைக் கறையான் தின்றது.

தமிழகத்துக்கு மட்டும் உரிய குறையுமன்று இது. ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட மல்பெரி மரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே வெட்டியபோது, அந்தக் கட்டையிலே பெட்டியும் கிண்ணமும் செய்து விற்றார்கள். ஒரு மரம் தரக்கூடியதற்கும் மேலாகப் பொருள்கள் பெருகினவாம்! ஆனால், ஷேக்ஸ்பியரைக் காத்தது அந்தக் கட்டையா? அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1623இல், அவருடைய நாடகங்களைத் திரட்டி அச்சேற்றிய நடிகத் தோழர் இருவர் அல்லவா? அவர்கள் முயலாதிருந்தால் ‘மாக்பெத்’ நமக்குக் கிட்டியிருக்குமா என்பதே ஐயம்.

“அப்படியானால் நினைவுப் பொருளே கூடாதா?” என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை, தரம் பிரிக்கச் சொல்கிறேன். எழுத்தாளனின் பேனா, அவன் எழுதினான் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அடித்தும் திருத்தியும் அவன் எழுதிய தாளோ, அவன் சிந்தனை நடந்த வழியையே காட்டும். பழைய வார இதழ் ஒன்று, எந்த நாளில், எந்தச் சூழலில், எந்த விலைக்கு அந்தச் சொல் மக்களிடம் சென்றது என்பதைக் காட்டும். முன்னது நினைவு, பின்னது சான்று. நினைவைக் கண்ணாடிக்குள் வைக்கலாம், குற்றமில்லை. வரகுவாசல் தெருவிலே அண்ணா வாழ்ந்த இல்லம் நினைவு இல்லமாக இருப்பதும் நல்லதே. ஆனால் சான்றைப் பூட்டி வைப்பது தகாது.

அண்ணாவின் எழுத்துகள் 1995இல் நாட்டுடைமையாயின. எவரும் அச்சிடலாம், எவரும் படிக்கலாம். எழுத்து ஊருக்குச் சொந்தமான பிறகும், அதைத் தாங்கிய முதல் இதழ்கள் வீட்டுப் பெட்டிகளிலே அடைபட்டு மட்கினால், பின்னாளில் பாடத்தை எதனோடு ஒப்பிடுவது? கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூலும் இதழும் திரட்டினார். அவர் மறைந்த பின், 1994இல், அந்தத் திரட்டே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு தனி மனிதரின் பற்று ஊரார் சொத்தான வழி அது. அந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது. மூலத்தைக் கொடுக்க மனம் வரவில்லையா? படமெடுத்துப் படியையாவது கொடுங்கள்.

வீட்டுக்கொரு புத்தகசாலை வேண்டும் என்றார் அண்ணா. வீட்டுக்கொரு பேழை என்றாரில்லை.

காஞ்சியிலே பட்டோடு பழகியவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். சரிகைப் புடவையை எடுக்காமலே பெட்டியில் வைத்திருந்தால், மடித்த இடத்திலேயே இற்றுப் போகும். அவ்வப்போது எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். பட்டுக்குத் தெரிந்த இந்தப் பக்குவத்தை நூலுக்கும் காட்டுவோம்.

செப்டம்பர் 15 வரும். அன்று மாலையோடு நிற்க வேண்டாம். பேழையைத் திறவுங்கள். கையொப்பமிட்ட நூல் நைந்திருந்தால், புதிய பதிப்பொன்றை வாங்கி அருகிலே வையுங்கள். தறி நிற்கும் வேளையிலே, வீட்டின் இளைய பிள்ளை ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்கட்டும். முன்பு நம் படிப்பகங்களிலே ஒருவர் படிக்க ஊரே கேட்டது போல, வீடே கேட்கட்டும்.

அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு விடை நூலுக்குள்ளே இருக்கிறது. அவன் கையிலே கொடுங்கள், பெரியவரே!