கடல் கடந்த தோற்பாவைக் கூத்து

பாவையாட்டம் தமிழர்க்குப் புதிய கலையன்று. நாணுடைமையைப் பேசவந்த திருவள்ளுவர், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையை உவமையாக எடுத்தாண்டார். உவமை கேட்போர் அறிந்த பொருளாக இருத்தல் வேண்டும் அன்றோ? ஆதலின் அக்காலத்து மக்கள் பாவையாட்டத்தை நன்கு அறிந்திருந்தனர் எனக் கொள்வதில் தடையில்லை. வள்ளுவர் காட்டியது மரப்பாவை. திரைக்குப் பின்னே நின்று நிழலால் கதை சொல்லும் தோற்பாவையும் உண்டு. அவ்வகையுள் ஒன்று, கம்பரின் விருத்தங்களைச் சுமந்துகொண்டு இன்றும் கேரளத்தில் வாழ்கிறது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்திரகாளி கோயில்களில் நிகழும் தோற்பாவைக் கூத்தே அது. அக்கூத்து அயல்நாட்டு விழா அரங்குகளுக்குச் சென்றபோது அடைந்த மாற்றம் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

யாருக்காக ஆடும் கூத்து?

இராமனும் இராவணனும் பொருத காலத்தில் பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். ஆதலால் இராமாயணப் போரை அவள் காணவில்லை. அக்குறை தீரவே ஆண்டுதோறும் அவள் திருமுன் கூத்து நிகழ்கிறது என்பது வழிவழி வரும் கதை. கூத்துமாடம் கோயிலை நோக்கியே கட்டப்பட்டிருக்கும். சந்நிதியில் ஏற்றிய சுடரைக் கொண்டுவந்து, திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்த 21 விளக்குகளை ஏற்றுவார்கள். 7, 14, 21 எனப் பல இரவுகள் கூத்து தொடரும். எதிரே மனிதர் எவரும் அமராத இரவுகளும் உண்டு. அதற்காகக் கூத்து நிற்பதில்லை. கேட்க வேண்டியவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது ஆடுவோர் நம்பிக்கை.

ஆடுவோர்க்குப் ‘புலவர்’ என்றே பெயர். இப்பெயர் வெறும் பட்டமன்று. கம்பரின் பாடல்களை மனப்பாடமாகப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அவர்கள் உரை விரிப்பார்கள். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இலக்கணத்திற்கும் புராணத்திற்கும் தத்துவத்திற்கும் சென்று மீள்வார்கள். அவ்வேளையில் பாவைகள் திரையில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். ஆகவே இக்கூத்தின் உயிர் பாவையின் அசைவில் மட்டும் இல்லை. பாட்டிலும் உரையிலும் இருக்கிறது.

அயல்நாட்டு அரங்கில்

பாவைக்கலைஞர்களின் உலக அமைப்பாகிய ‘யுனிமா’ 1929-ஆம் ஆண்டில் பிராகு நகரில் தோன்றியது. பிரான்சு நாட்டின் சார்லவில் நகரில் 1961-இல் தொடங்கிய பாவை விழா இன்று உலகப் புகழ் பெற்றது. இத்தகைய விழாக்கள் பெருகிய காலத்தில், ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொணர்ந்தார். பின்னர் அயல்நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர் அப்பணியைத் தொடர்ந்தார். 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

விழா அரங்கில் புலவர் எதிர்கொள்ளும் நிலை யாது? கூத்துமாடத்திற்கு ஈடாகக் கையில் கொண்டுசெல்லத்தக்க சிறு சட்டம். பல அரங்குகளில் திறந்த சுடருக்கு இடமில்லை, மின்விளக்கே துணை. பல இரவுகளின் கதைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். எதிரே தெய்வம் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள். கிளந்தானில் வாயாங் கூலிட் நடத்தும் டாலாங் அயல்நாடு சென்றால், அவர்முன் அமர்வோர் மாறுகிறார்கள். எனினும் மனிதரைச் சிரிக்கவைத்துப் பழகிய பாக் டோகோலும் வாக் லோங்கும் அவருக்குத் துணைவருவர். கேரளப் புலவர்க்கோ கேட்பவரின் இயல்பே மாறிவிடுகிறது.

இழப்பும் பேறும்

கூத்து சுருங்கியதே குற்றம் என்பார் உளர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. கோயில்களிலேயே இரவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கதையின் தொடக்கம் மாறுகிறது. 21 இரவானால் இராமன் பிறப்பிலிருந்து தொடங்கும் கூத்து, 7 இரவானால் சேதுபந்தனத்திலிருந்து தொடங்கும். ஆதலின் சுருக்கம் மரபுக்குப் புறம்பானதன்று. எதைச் சுருக்குகிறோம் என்பதே வினா.

விழா அரங்கில் பொன்மானும் போரும் நிற்கின்றன, உரை போய்விடுகிறது. பாட்டும் காட்சிக்குப் பின்னணி ஓசையாகத் தேய்கிறது. புலவராகச் சென்றவர் நிழலாட்டுபவராகத் திரும்புகிறார். பேரிழப்பு இதுவே.

பேறு இல்லையா? உண்டு. காண்போர் கண் அகலாமல் நோக்குவதால் பாவையின் கையசைவும் நடையும் கூர்மை பெறுகின்றன. புகழும் பொருளும் வருவதால் இளையோர் இக்கலையைக் கற்க முன்வருகின்றனர். ஆளில்லா மாடத்தில் தேய்ந்து மறைவதினும் கடல் கடந்து வாழ்தல் நன்று.

“தமிழ் அறியாதவர்முன் உரை எதற்கு?” என்பது அடுத்த வினா. விடை அக்கூத்தின் கதையிலேயே இருக்கிறது. போரைக் காணாத காளிக்காகத் தோன்றிய கூத்து இது. அயல்நாட்டாரும் அப்போரைக் காணாதவரே. காணாதவர்க்குக் குறைத்துச் சொல்லலாம் என்று பழைய புலவர்கள் கருதவில்லை. காணாதவள் ஆதலாலேயே விரித்துச் சொன்னார்கள். மேலும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஊர்களில், எவரும் வாராத இரவுகளிலும் கம்பரைப் பாடிவந்தவர்களுக்கு, மொழி அறியாதார் நிறைந்த அரங்கு அஞ்சத்தக்கதன்று.

ஆகவே ஒரு மணி நேரக் கூத்திலும் ஒரு விருத்தமேனும் முழுமையாக ஒலிக்க வேண்டும். அதற்கு உரிய உரையும் குறைவின்றி நிகழ வேண்டும். அப்போது பாவை சற்று அசையாமல் நிற்கட்டும்; காண்போர் பொறுத்திருப்பர். அவ்வொரு பாடலும் இல்லையாயின் திரையில் தெரிவது அழகிய நிழற்படமே; தோற்பாவைக் கூத்து அன்று.

இது புலவர்க்கு மட்டும் உரிய படிப்பினையன்று. ஆண்டு விழா மேடையில் கம்பரின் காட்சியை நடிக்கச் செய்து, கம்பரின் பாடலை நேரமில்லை என்று விட்டுவிடும் பள்ளிகளுக்கும் உரியதே.