கூறியது கூறலும் மன அமைதியும்

கூறியது கூறலை நூற்குற்றம் பத்தினுள் ஒன்றாக வைத்தனர் நன்னூலார். அவ்வளவுகோல் கொண்டு அளப்போமாயின், தாயுமானவரின் பராபரக்கண்ணி பெருங்குற்றத்துக்கு ஆளாகும். அதன் 389 கண்ணிகளும் 'பராபரமே' என்னும் ஒரே விளியில் முடிகின்றன. ஒரு சொல்லையே புலவர் இத்துணை முறை சொல்வானேன் என மாணவர் வினவுவர். வினா நியாயமானதே.

நன்னூல் விதி, பொருளை அறிவுறுத்தும் நூலுக்கு உரியது. பராபரக்கண்ணியின் நோக்கமோ மனத்தைப் பழக்குவது. கண்ணிதோறும் எண்ணம் மாறுகின்றது. உலகியல், உடல், நிலையாமை, அருள் எனப் பல திசைகளிற் செல்கின்றது. ஆயினும் ஈரடிக்குள் அது தொடங்கிய இடத்துக்கே மீட்கப்படுகின்றது. அலையும் மனத்தைப் பயிற்சியாலும் பற்றின்மையாலும் வசப்படுத்தலாம் எனக் கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறும். அப்பயிற்சியே இங்கு யாப்பாக அமைந்துள்ளது. அமைதியின் நிறைவும், அது வாய்க்கவில்லையே என்ற ஏக்கமும் இந்நூலில் மாறி மாறி வருவதை நோக்குக. ஒருமுறை பெற்றுப் பேழையில் வைக்கும் பொருளன்று அமைதி. நாள்தோறும் மீளவேண்டிய நிலை என்பது இதனாற் புலனாகும்.

இம்மரபு ஒரு சமயத்தோடு நின்றதன்று. 1838ஆம் ஆண்டு மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். ரகுமான் கண்ணியும் பாடினார். கல்முனை முதலாய எம் கரையோர ஊர்களில், தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் மணியை உருட்டி ஒரே திருவசனத்தை 33 முறை ஓதுவாரைக் காணலாம். அவர்களுக்குக் கண்ணியின் மீட்சி புதிராகத் தோன்றாது. தாயுமானவரையும் மஸ்தானையும் அருகருகே வைத்துப் பயில்வார்க்கு, இரு சமயத்தாரும் ஒரே தமிழ் யாப்பில் மனத்தை அடக்க முயன்றமை விளங்கும்.

எல்லாக் கண்ணிகளும் கவிச்சுவையில் ஒத்தன என்று நாம் வாதிடவில்லை. ஒரே அமர்வில் முழுவதையும் படிப்பார்க்குச் சலிப்புத் தோன்றுதல் இயல்பே. நாவு மட்டும் சொல்ல உள்ளம் வேறிடம் திரியுமாயின், திரும்பக் கூறல் வெற்றொலியாகவும் கூடும். ஆனால், அது படிக்கும் முறையின் குறையேயன்றிப் பாட்டின் குறையன்று. தேர்வின்பொருட்டு நான்கு கண்ணிகளைப் பிரித்தெடுத்துப் பொழிப்புரை எழுதுவிக்கும் நம் வழக்கம், பொருளைத் தந்து பயனை மறைத்துவிடுகின்றது. நாளொன்றுக்குப் பத்துக் கண்ணி நிதானமாக ஓதி, ஒவ்வொன்றின் இறுதியிலும் சற்றே நின்று சிந்தித்தால், ஏறக்குறைய நாற்பது நாளில் நூல் முற்றுப்பெறும். அவ்வாறு பயின்ற பின்னரே கூறியது கூறல் ஈண்டுக் குற்றமா குணமா என்பதைத் தீர்ப்புச் செய்தல் தகும்.