உறிஞ்சலை எங்கே வைப்பது?

கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்ட இடம் தேடுவதைப் பாருங்கள். அலை நனைத்த மணல் குழைந்து சரியும். மேட்டு மணல் உதிரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஈரமணல்தான் நிற்கும். துகள்களுக்கிடையே தங்கிய கொஞ்ச நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்புதான் உறிஞ்சல். துளைகளில் காற்றும் நீரும் பங்கு போட்டிருக்கும் இந்த மண்ணைக் கணினியில் கணிக்க வந்தவர்கள் பல பரம்பரை. வழக்கு மட்டும் ஒன்றுதான். சமன்பாட்டில் உறிஞ்சலை எங்கே வைப்பது?

நீரோட்டக்காரர்களிடம் அதிகச் சண்டை இல்லை. டார்சி 1856இல் சொன்ன விதியை பக்கிங்ஹாம் 1907இல் ஈரமண்ணுக்கு நீட்டினார். ரிச்சர்ட்ஸ் 1931இல் சமன்பாடாக்கினார். அவர்கள் கணக்கில் மண் அசையாத பாண்டம்.

அசையும் மண்ணில்தான் தகராறு. மொத்தத் தகைவில், அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசையில், நீரழுத்தத்தைக் கழித்தால் மிச்சம் துகள்கள் தாங்குவது என்றது டெர்சாகியின் விதி. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிஷப், உறிஞ்சலை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிச் சேர்த்துவிட்டால் பழைய விதியே போதும் என்றார். 1962இல் ஜென்னிங்ஸும் பர்லண்டும் மறித்தார்கள். நனைந்தால் உறிஞ்சல் குறையும்; அந்தக் கணக்குப்படி மண் உப்ப வேண்டும். ஆனால் எத்தனையோ மண் நனைந்ததும் பொசுக்கென்று உட்கார்ந்துவிடுகிறதே!

கனடாவின் ஃபிரெட்லண்ட், மார்கென்ஸ்டர்ன் 1977இல் உறிஞ்சலைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள்: தகைவு ஒன்று, உறிஞ்சல் ஒன்று. களப் பொறியாளர்களுக்கு இது வசதி. என் சாய்வு பார்சிலோனா பக்கம். அலோன்சோ, ஹென்ஸ், ஹோசா மூவரும் 1990இல் கேம்பிரிட்ஜின் களிமண் கணித மாதிரியை எடுத்து, உறிஞ்சல் கூடினால் மண் தாங்கும் எல்லை விரியும் என்று எழுதினார்கள். நனையும்போது எல்லை சுருங்குகிறது. மேலே உள்ள சுமை அதை மீறினால் மண் இடிந்து அமர்கிறது, சுமை குறைவென்றால் உப்புகிறது. ஒரே வளைகோட்டில் இரண்டு நடத்தை! நம் கரிசல்போல் வெகுவாக உப்பும் மண்ணுக்கு இது போதவில்லை. அதனால் 1992இல் ஹென்ஸும் அலோன்சோவும் அதைப் பெருந்துளை, நுண்துளை என்று இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள்.

எந்தப் பரம்பரையானாலும் முதல் உரைகல் நீர்க்கணக்கு. ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டை அழுத்தத்தை மட்டும் வைத்துப் பெரிய காலப்படிகளில் தீர்த்தால், உள்ளே போன நீரில் ஒரு பங்கு காணாமல் போகும். படம் மட்டும் வண்ண வண்ணமாக வரும். ஈரப்பதத்தையும் அழுத்தத்தையும் சேர்த்தெழுதி இந்தக் கசிவை அடைத்தது சீலியாவும் கூட்டாளிகளும் 1990இல் எழுதிய கட்டுரை.

இரண்டாவது உரைகல், 1965இல் பெர்க்லியில் லியாகோபௌலோஸ் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை. ஒரு மீட்டர் உயரக் குழாயில் டெல் மான்டே மணல்; மேலிருந்து நீர் விட்டு ஓட்டம் சீரானதும் நிறுத்தி, வடிய வடிய உறிஞ்சலை அளந்தார். நீரும் உருமாற்றமும் இணைந்த நிரல் எழுதுகிறவர்கள் எல்லாம் இந்தக் குழாயைத் தொட்டுக் கும்பிடாமல் போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மணல் எவ்வளவு அமுங்கியது என்று அவர் அளக்கவே இல்லை. அதன் விறைப்பு எண் பின்னால் வந்தவர்கள் வைத்துக்கொண்டது.

மூன்றாவது உரைகல், களத்திலேயே அளந்து பார்த்த இடம்: சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் சுரங்கம். அணுக்கழிவைப் புதைப்பதற்கான ஒத்திகையாக, 1997இல் பென்டோனைட் களிமண் கட்டிகளுக்கு நடுவே ஹீட்டர்களை வைத்து 100 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். இரண்டாவது ஹீட்டரை 2015இல் தோண்டியெடுத்தபோது பாறையோரக் களிமண் நன்றாக நனைந்திருந்தது. ஹீட்டரை ஒட்டிய களிமண்ணில் 18 ஆண்டு கழித்தும் ஈரம் குறைவாகவே இருந்தது.