காளத்திச் சீலையில் கண்ணப்பர்

புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்கள் பலவற்றில் காளத்தியிலிருந்து வந்த கலம்காரிச் சீலை ஒன்று சுவரை அணிசெய்யக் காண்கிறோம். எம் இல்லத்தில் தொங்குவது கண்ணப்பர் சீலை. அதனை நாள்தோறும் நோக்கி வந்ததில் எமக்குத் தோன்றிய நிறைகுறைகளை ஈண்டு எழுதத் துணிகிறோம்.

செம்மண் நிறப் பரப்பின் நடுவே சிவலிங்கம். அதன்மீது ஒரு காலை ஊன்றி, அம்பைத் தம் கண்ணருகே ஓங்கி நிற்கிறார் வேடர். சுற்றிலும் மரங்கள், மான்கள், பன்றி ஒன்று, நாய்கள். அடியில் மீன்கள் நீந்தும் ஆறு. மேலே தெலுங்கு எழுத்தில் பெயர். தெலுங்கர் அவரைத் தின்னடு என்பர். தூர்ஜடி தம் காளஹஸ்தீசுவர மாகாத்மியத்தில் அவர் கதையைப் பாடினார். நமக்கோ அவர் சேக்கிழார் காட்டிய திண்ணனார். ஊர் இன்று ஆந்திரத்தில், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில், இருப்பினும், மூவர் பாடல் பெற்ற அத்தலம் இரு மொழியார்க்கும் பொதுவுடைமையே.

முதலில் குறையைச் சொல்லிவிடுவோம். காளத்தி ஓவியர் சிவப்பை விரும்பிக் கையாள்பவர். படிகார நீரால் எழுதிய இடமெல்லாம் சாயத்தில் வேகும்போது சிவப்பேறும். எம் சீலையிலோ பின்புலம் முழுதும் சிவப்பாகிவிட்டமையால், இறைவன் கண்ணிலிருந்து வழியும் குருதி அதில் கரைந்து மறைந்தது. கதையின் உயிர்நிலையே அக்குருதிதான். பச்சிலை பிழிந்தும் நிற்காத குருதி. ஊனுக்கு ஊனே மருந்து என்று அவ்வேடரைத் தம் கண்ணையே அகழச் செய்த குருதி. அதைக் காணாத குழந்தைகள், "சாமிமேல் ஏன் காலை வைக்கிறார்?" என்று கேட்கின்றனர். இரண்டாம் கண்ணையும் இழந்தபின் இடம் தெரியாதே என்று அடையாளத்திற்கு ஊன்றிய கால் அது என நாம் வாயால் விளக்க வேண்டியுள்ளது. விளக்கம் வேண்டும்போதே ஓவியம் ஒரு படி இறங்கிவிடுகிறது.

இதனினும் பெரிதொன்று உண்டு. அடியார் இறைவனைக் கண்ட காட்சி எது? ஓவியர் அனைவரும் கண் அப்பும் கணத்தையே தேர்கின்றனர். ஆனால் அக்கணத்தில் திண்ணனார் காண்பவர் அல்லர். காட்சியை இழக்க முற்பட்டவர். அப்போது கண்டவர் சிவகோசரியார். தாம் ஆகம நெறியில் பூசித்த இடத்தில் இறைச்சி கிடக்கக் கண்டு புழுங்கிய அந்தணர், கனவில் இறைவன் பணித்தவாறு மறைந்து நின்று அனைத்தையும் பார்த்தார். எம் சீலையில் ஒரு மரத்தின் பின்னே அவர் தலை மட்டும் தெரிகிறது, விரல் மூக்கின்மேல். மிகச் சிறிய உருவம். ஆயினும் படத்தில் நம்மை ஒத்தவர் அவர் ஒருவரே. அவரை விடாது வரைந்த கைக்கு நாம் நன்றியுடையோம்.

திண்ணனார் கண்ட காட்சி அதற்கு ஆறு நாள் முன்னர் நிகழ்ந்தது. பன்றியைத் துரத்தி, பொன்முகலி கடந்து, நாணனோடு மலையேறிக் குடுமித்தேவரைக் கண்டார். கை வில் நழுவி விழுந்ததும் அறியாது நின்றார். கொடிய விலங்குகள் உலவும் காட்டில் இவர் துணையின்றி இருக்கிறாரே என்று தாயைப்போல் உருகினார். இந்த இடத்தை எழுதிய சீலை எம் கண்ணில் பட்டதில்லை. குருதியும் அம்பும் இல்லாத காட்சி விலைபோகாது என்று எண்ணினர் போலும்!

இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் பிசனெல்லோ என்னும் இத்தாலியர் பதினைந்தாம் நூற்றாண்டில் தீட்டிய சிறு பலகை ஓவியம் ஒன்று உண்டு. அங்கும் ஒரு வேட்டுவர், காடு, நாய்கள், பறவைகள். மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்ட யூசுத்தேசு என்னும் அடியார் குதிரைமேல் அமர்ந்தபடியே கையைச் சற்று உயர்த்துகிறார். முயலைத் துரத்தும் நாய் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு விலங்கையும் உயிரோடு நிறுத்திய அவ்வோவியரின் திறன் நம் சீலைக்காரருக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவ்வடியார் ஆடை கலையவில்லை. குதிரையை விட்டு இறங்கவும் இல்லை. நம் வேடரோ கண்டதும் ஓடிக் கட்டித் தழுவினார். பசித்திருப்பாரே என்று ஊன் சுவைத்துத் தேர்ந்து வந்தார். வாயில் நீரும் தலையில் மலரும் சுமந்து வந்தார். இரவெல்லாம் வில்லோடு காவல் நின்றார். இந்தப் பதைப்பைக் காளத்திக் கோடு காட்டுகிறது. வெல்லமும் இரும்புத் துண்டும் ஊறிய கருநீரில் மூங்கில் கலத்தைத் தோய்த்து எழுதுவது அது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் விழுந்தபின் அழிக்க இயலாது. தயங்கிய கையைத் துணியே காட்டிக்கொடுத்துவிடும். உயர்ந்த முழங்காலிலும் வளைந்த முதுகிலும் எம் ஓவியர் தயங்கவில்லை.

1950களில் நலிவுற்றிருந்த இக்கலைக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயர் முயற்சியால் காளத்தியில் பயிற்சிக்கூடம் அமைந்தது. அம்மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டியாருக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊருக்குச் செல்லும் அன்பர்கள் கடையில் தொங்குவதை வாங்கி வராமல், வில் விழுந்த அந்த முதற்காட்சியை எழுதித் தருமாறு ஓவியரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

சீலையின் அடியில் ஓடும் அந்த ஆறு பொன்முகலிதான். திண்ணனார் கடந்ததும், சாயமேற்றிய துணிகளைக் காளத்தியார் வழிவழியாக அலசி வந்ததும் அந்த ஆற்றிலேதான்.