ஊர்ச் சங்கை நிறுத்தலாமா?

காலைச் சங்கு ஊதியதும் வேலைக்குப் புறப்படுவதும், நண்பகல் சங்கு கேட்டதும் சாப்பாட்டுக்கு எழுவதும், இரவுச் சங்குக்குப் பிறகு கடையைக் கட்டுவதும் தமிழ்நாட்டின் பல நகரங்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வழக்கமாக இருந்தன. நகராட்சிக் கட்டடத்தின் உச்சியிலோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ பொருத்தப்பட்டிருந்த மின்சாரச் சங்கு ஊருக்கே கடிகாரமாக விளங்கியது. வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால், அடுத்த சங்குக்குக் காத்திருந்து முள்ளைத் திருப்பி வைப்பார்கள்.

இன்று அந்த ஒலி சில ஊர்களில்தான் கேட்கிறது. மற்ற ஊர்களில் மின்னோடி பழுதாகி, பழுது பார்ப்பாரின்றி, ஒருநாள் அது ஓய்ந்துவிட்டது. "எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, சங்கு எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்துவிடுகிறது. சங்குக்கே சங்கு ஊதியாயிற்று!

இந்த வாதத்தில் பாதி சரி, பாதி தவறு. மணி பார்ப்பதற்குச் சங்கு தேவையில்லை என்பது சரி. ஆனால் சங்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று நேரம் சொல்வது; மற்றொன்று ஆபத்தை அறிவிப்பது. முதல் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி இரண்டாவதையும் சேர்த்து நிறுத்தலாமா? இதைச் சற்று ஆராய்வோம்.

சங்கு எப்படி ஒலிக்கிறது?

சங்கின் தத்துவம் மிக எளிது. துளைகளுள்ள ஒரு தட்டோ உருளையோ, அதேபோன்ற துளைகளுள்ள மற்றொரு கூட்டுக்குள் வேகமாகச் சுழல்கிறது. துளையும் துளையும் நேருக்கு நேர் வரும்போது காற்று வெளியே பாய்கிறது, விலகும்போது தடைபடுகிறது. இவ்வாறு காற்றை வெட்டி வெட்டி அனுப்புவதால் ஒலியலை உண்டாகிறது. உருளையில் 10 துளைகள் இருந்து, அது ஒரு வினாடிக்கு 48 முறை சுழன்றால், ஒலியின் அதிர்வெண் 480 ஹெர்ட்ஸ் ஆகும். மின்னோடி வேகம் பிடிக்கும்போது சங்கின் குரல் மெல்ல ஏறுவதும், மின்சாரத்தை நிறுத்தியதும் மெல்ல இறங்குவதும் இதனால்தான். 1819-இல் இத்தகைய கருவியை அமைத்த பிரெஞ்சு அறிவியலார் கானியார் த லா தூர், அது நீருக்குள்ளும் ஒலித்ததால், கிரேக்கக் கதைகளில் வரும் கடற்பாடகியரின் பெயரால் அதற்கு 'சைரன்' என்று பெயரிட்டார்.

480 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். இவ்வளவு நீண்ட அலை சுவர் மூலைகளைச் சுற்றி வளைந்து செல்லும். காற்றால் அதிகம் உறிஞ்சப்படவும் மாட்டாது. கீச்சென்ற ஒலியைவிடச் சங்கின் கனத்த ஒலி தெருத் தெருவாக நுழைவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு தூரம் கேட்கும்? தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி மட்டம் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டர் தொலைவில் 115 டெசிபல் தரும் சங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டரில் 109. 40 மீட்டரில் 103. இப்படியே கணக்கிட்டால் 1,280 மீட்டரில் 73 டெசிபல். அமைதியான ஊரில் இது தாராளமாகக் கேட்கும்.

ஆனால் எல்லா ஊர்களும் அமைதியானவை அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டைக்கு வாருங்கள். இது நெசவாளர் ஊர். விசைத்தறிக் கொட்டகை ஒன்றின் உள்ளே நின்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள்; வாயசைவைத்தான் பார்ப்பீர்கள். நாடா ஓடும் தறிகளின் நடுவே ஒலி மட்டம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். அங்கே ஒரு கிலோமீட்டர் அப்பால் ஊதும் சங்கு எப்படிக் கேட்கும்? கேட்காது. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். காது கேளாதவர்களுக்கும் சங்கினால் பயனில்லை. ஆகவே சங்கு மட்டும் போதும் என்று வாதாடுவது அறிவியல் ஆகாது.

கைப்பேசி செய்வது என்ன?

கைப்பேசி எச்சரிக்கையில் இரண்டு வகை உண்டு. குறுஞ்செய்தி என்பது ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகச் செல்லும் கடிதம் போன்றது. இலட்சம் பேருக்கு அனுப்பினால் வரிசையில் நின்றுதான் போகும். 'செல் ஒலிபரப்பு' என்பது வானொலியைப் போன்றது. கோபுரம் ஒரே தடவை செய்தியை வீசுகிறது. அதன் எல்லைக்குள் இயங்கிக்கொண்டிருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அதைப் பெறுகின்றன. யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசலும் இல்லை. 2023-இல் இந்தியா முழுவதும் இதற்கான சோதனைகள் நடந்தன. பலத்த ஒலியுடனும் அதிர்வுடனும் வந்த அந்தச் செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இது சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. 'என்ன ஆபத்து, எங்கே போக வேண்டும்' என்று தாய்மொழியில் சொல்ல இதனால் முடியும், சங்கால் முடியாது. சட்டைப்பைக்குள் அதிர்வதால் தறிக்காரரும் காது கேளாதவரும்கூட உணர முடியும். ஆனால் இதற்கு உயிருள்ள கோபுரம் வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் ஒருசேர அறுந்துபோனதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆபத்து எப்போது பெரிதோ, அப்போதே கோபுரமும் படுத்துவிடுகிறது.

மின்சாரம் நின்றால் மின்சங்கும் நிற்குமே என்று கேட்பீர்கள். மின்கலம் இல்லாத சங்கு நிற்கத்தான் செய்யும். மின்கலத்தில் இயங்கும் சங்கோ ஊதும். அது மட்டுமல்ல, மின்சாரம் நின்றால் தறிகளும் நின்றுவிடும். கைப்பேசி ஊமையாகும் அதே வேளையில் ஊரின் காது திறந்துகொள்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

நிறுத்திப் பார்த்தவர்கள் கண்டது

பனிப்போர் முடிந்த பிறகு, 1990-களில், ஜெர்மனியின் மத்திய அரசு நாடு முழுவதும் இருந்த தன் அபாயச் சங்கு அமைப்பைக் கைவிட்டது. சில ஊர்கள் தீயணைப்புப் படைக்காகச் சங்குகளை வைத்துக்கொண்டன. பல ஊர்களில் அவை இறக்கப்பட்டன. 2020 செப்டம்பர் 10-இல் நாடு தழுவிய எச்சரிக்கை ஒத்திகை நடந்தது. கைப்பேசிச் செயலி வழியாக வரவேண்டிய செய்தி ஏறக்குறைய அரை மணி நேரம் தாமதமாக வந்தது. பல ஊர்களில் ஊதுவதற்குச் சங்கே இல்லை. பத்து மாதங்களுக்குப் பின், 2021 ஜூலை 14-ஆம் நாள் இரவில் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளிட்ட பகுதிகளைப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. ஜெர்மனியில் மட்டும் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சங்கு இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதிகாரிகளின் தாமதமும் அதில் சேர்ந்திருந்தது. எனினும் பின்னர் ஜெர்மனி என்ன செய்தது என்பதைப் பாருங்கள். 2023-இல் செல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அத்துடன் புதிய சங்குகளை அமைக்க ஊர்களுக்கு நிதியும் கொடுத்தது. இரண்டையும் வைத்துக்கொண்டது!

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 119 சங்குகள் செவ்வாய்தோறும் நண்பகலில் சோதனைக்காக ஒலித்துவந்தன. அமைப்பு பழையதாகிவிட்டது, விஷமிகள் ஊடுருவக்கூடும் என்று சொல்லி 2019 டிசம்பரில் நகர ஆட்சி அவற்றை நிறுத்தியது. இரண்டு ஆண்டுகளில் சீர்படுத்திவிடுவோம் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்தும் ஒலி திரும்பவில்லை. பழையதை நிறுத்த ஒரு நாள் போதும். புதியதை நிறுவ எத்தனை ஆண்டு என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இருந்தும் ஊதாத சங்கு

சங்கு இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி, உறங்கிக்கொண்டிருந்த கிராமத்தின் மேல் படர்ந்தது. ஆலையில் அபாயச் சங்கை இயக்குவதற்கு 36 இடங்கள் இருந்தும் அது ஊதப்படவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு பதிவு செய்தது. 1984 டிசம்பரில் போபாலிலும் ஊர் மக்களுக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மீண்டும் ஒலித்தபோது நஞ்சு ஊருக்குள் புகுந்துவிட்டிருந்தது.

ஹவாய்த் தீவுகளின் கதை வேறு. 2023 ஆகஸ்ட் 8-இல் லஹைனா நகரம் தீயில் அழிந்து நூறு பேர் அளவில் இறந்தனர். அத்தீவுகளில் சுமார் 400 சங்குகள் இருந்தும் அன்று அவை ஒலிக்கவில்லை. காரணம் கேட்டபோது, "சங்கு ஊதினால் கடற்கோள் என்று எண்ணி மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கியே, ஓடியிருப்பார்கள்" என்ற பொருளில் பொறுப்பாளர் விடையளித்தார். ஒலி இருந்தது, அதன் பொருள் ஊருக்குக் கற்பிக்கப்படவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எச்சரிக்கை என்பது ஒரு கருவி அன்று, ஒரு சங்கிலி. ஆபத்தைக் கண்டுகொள்ளும் ஒருவர், பொத்தானை அழுத்தும் பொறுப்புள்ள ஒருவர், ஊருக்கு எட்டும் ஒலி, அதன் பொருள் அறிந்த மக்கள் ஆகிய நான்கு கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் சங்கிலி பயன்படாது.

தினமும் ஊதியதன் சிறப்பு

இனி, பழைய நகராட்சிச் சங்கின் மதிப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். அது தினமும் ஊதியதில்தான்! பகல் 12 மணிக்கு ஊதவேண்டிய சங்கு ஊதாவிட்டால், 12 மணி 5 நிமிடத்துக்கு ஊர் முழுக்க, "இன்று ஏன் சங்கு ஊதவில்லை?" என்று கேட்கும். அதாவது ஊர் மக்கள் அனைவரும் சம்பளமில்லாத சோதனையாளர்கள். கைப்பேசிச் செய்தி ஒரு தெருவுக்கு வந்து சேராவிட்டால் அந்தத் தெருவுக்கே அது தெரியாது. வராத செய்தியை யார் கவனிக்கிறார்கள்? நேரம் சொல்லும் சிறு வேலைதான் ஆபத்தை அறிவிக்கும் பெரு வேலைக்கு நாள்தோறும் சோதனையாக அமைந்தது. முதல் வேலையை நிறுத்தியபோது இந்தச் சோதனையும் நின்றது. சோதனை நின்றதும் கருவி துருப்பிடித்தது. துருப்பிடித்த கருவியைக் காட்டி 'காலாவதியானது' என்றார்கள். என் குற்றச்சாட்டு இதுதான்.

நாள்தோறும் பயன்படும் பொருளே ஆபத்திலும் உதவும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. அலை உயரத்தையும் வானிலையையும் ஒலிபெருக்கி வழியாக அறிவிப்பது அதன் அன்றாட வேலை. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கூவி ஊரை வெளியேற்றினர். 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். தொலைபேசி, ஒலிபெருக்கி ஆகிய இரண்டும் கைகோத்த நாள் அது.

பழையதை எல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. அது மனித மாண்பு கருதிய சரியான முடிவு. அப்போது அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி கட்டிய வண்டியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். நிறுத்துவதற்கு முன் மாற்றைச் சொல்லும் அந்த நெறியைச் சங்குக்கும் கேட்கிறேன்.

நம் மாவட்டத்தில்

பொதட்டூர்பேட்டைக்கு அருகே பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரியைக் கடந்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அதன் மேல்முனையில் உள்ள ஆபத்து வெள்ளம். 2021 நவம்பரில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை நீர் பாய்ந்து பள்ளிப்பட்டுப் பகுதித் தரைப்பாலங்கள் மூழ்கின. கீழ்முனையில் உள்ள ஆபத்து வாயு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நெடியால் விழித்தெழுந்து இருட்டில் ஓடினர். அன்று அவர்களுக்கு எச்சரிக்கைக் கருவியாக இருந்தது அவர்களுடைய மூக்கே! கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்வோரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளம் என்றால் மேட்டுக்குப் போக வேண்டும். வாயு என்றால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சங்கு ஊதினால் லஹைனாவின் குழப்பம் இங்கும் வரும். எனவே ஒலிக்குறிகளைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும். 2025 மே 7-இல் 244 மாவட்டங்களில் ஒத்திகை நடத்த ஒன்றிய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டபோது, ஏறி இறங்கும் ஒலி அபாயம், ஒரே சீரான ஒலி அபாயம் நீங்கியது என்று பலர் முதன்முறையாக அறிந்தனர். அதை அறிய ஒரு போர்ச்சூழல் வரவேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது.

வாசகர்களே, நகராட்சிகளும் பேரூராட்சிகளும் செய்ய வேண்டியது பெருஞ்செலவு அன்று. மின்கலத்துடன் கூடிய ஒரு சங்கு. வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் அரை நிமிடச் சோதனை. பொத்தான் யார் பொறுப்பில் உள்ளது என்று வாசலில் ஒரு பலகை. கைப்பேசி எச்சரிக்கை இதற்குத் துணை. அபாயகர வேதிப்பொருள்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்கு வெளியே செய்யவேண்டிய அவசரகாலத் திட்டம் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். அதில் உங்கள் தெருவுக்குச் செய்தி எவ்வழியில் வரும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் சங்கு இருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால், அது எங்கே, கடைசியாக எப்போது ஊதியது, இன்று ஆபத்து வந்தால் அதற்குப் பதிலாக எது ஒலிக்கும் என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், உங்கள் ஊர் எச்சரிக்கை ஏதுமின்றி உறங்குகிறது என்று பொருள்.